பேசும் பொறியும் பேசா மாணவனும்

பிறமொழி கற்பார்க்குக் கண் முந்தித் திறக்கும். செவி பிந்தித் திறக்கும். வாயோ பலர்க்குத் திறவாமலே போய்விடும். ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளிற் பிரெஞ்சு பயிலும் மாணவர் பலரின் நிலையும் இதுவே. வகுப்பில் 30 பேர், பாடவேளை 45 நிமிடம் எனக் கொள்வோம். ஆசிரியர் வாய் திறவாதிருப்பினும் ஒருவர்க்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடமே.

பிரெஞ்சோ எழுதியவாறு ஒலிக்கும் மொழியன்று. ஈற்று மெய்கள் பல ஒலியாதொழியும். வருஞ்சொல் உயிர்முதலாயின் ஒழிந்த மெய் சிலவிடத்து மீண்டும் ஒலித்து அதனோடு புணரும். மூக்கின்வழி ஒலிக்கும் உயிர்களும் உள. இவற்றை ஏட்டில் எழுதிக் காட்டலாம். நாவிற் படியச் செய்வது எங்ஙனம்?

பொறி இதனைச் செய்யும் என்ற நம்பிக்கை புதியதன்று. 1957இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. திடுக்குற்ற அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, விஞ்ஞானம், கணிதம் என்பவற்றோடு பிறமொழிக் கல்விக்கும் பெரும்பொருள் வழங்கியது. பள்ளிகள் பலவற்றில் மொழி ஆய்வுகூடங்கள் எழுந்தன. மாணவர் செவிப்பொறி அணிந்து, நாடாவிற் பதிந்த குரலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லினர். ஆனால், 1960களின் பிற்பகுதியிற் பென்சில்வேனிய மாநிலத்துப் பிரெஞ்சு, ஜேர்மன் வகுப்புகளில் நிகழ்ந்த பேராய்வு, வாரம் இருமுறை ஆய்வுகூடத்திற் பயின்றதாற் புலப்படத்தக்க பயன் விளையவில்லை எனக் கண்டது. வியப்பில்லை. நாடா சொல்லிற்று, மாணவன் சொன்னதைக் கேட்கவில்லை.

செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இன்றைய பொறி அதனின் வேறு. அது கேட்கிறது, கேட்டதற்கேற்ப மறுமொழி தருகிறது, நூறுமுறை தவறினும் சினவாது. சகபாடிகள் நகைப்பரே என அஞ்சி வாய்மூடியிருக்கும் மாணவனுக்கு இது பெரும்பேறு. இதனை மறுப்போர் தம் பதினைந்தாம் வயதை மறந்தவராவர்.

எனினும் குறைகளும் உள. திருந்தா ஒலியையும் ஊகித்து உணர்ந்து, பிழையைச் சுட்டாது விட்டுவிடுதல் ஒன்று. மற்றையது இதனினும் பெரிது. பிரெஞ்சில் ஒருவரை முன்னிலைப்படுத்த ‘த்யு’, ‘வூ’ என இரு சொற்கள் உண்டு. முன்னது உரிமை குறிப்பது, பின்னது மதிப்புக் குறிப்பது. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல்வன. எவரிடத்து எதனை வழங்குவது என்னும் விதியைப் பொறி நன்கு சொல்லும். ஆனால், பிழைத்தவிடத்து எதிரிலிருப்பவர் முகம் சுருங்குவதை முகமில்லாப் பொறி எங்ஙனம் காட்டும்?

ஆதலின், பொறியோடு வீட்டிற் பழகுக. வகுப்பு வேளையை மனிதரோடு பேசுதற்கே வைத்துக்கொள்க. இருவர் இருவராக அமர்ந்து உரையாடின், 20 நிமிடத்துள் ஒவ்வொருவர்க்கும் 10 நிமிடம் வாய்க்கும். ஆசிரியர் இடையே உலாவித் திருத்துவார். இதற்குப் பொருட்செலவில்லை, ஆசிரியர் வேண்டும். ஆசிரியரைக் குறைத்துப் பொறியைப் பெருக்க எண்ணும் ஆட்சியாளர், நாடா கற்பித்த பாடத்தை இரண்டாம் முறையும் விலைகொடுத்துக் கற்க நேரும். அவ்விலையைச் செலுத்துவோர் வாய் திறவாமலே பள்ளியை விட்டு நீங்கும் மாணவரேயாவர்.