பார்ப்பதற்குக் கூலி எங்கே?

டெலிவிஷன் பெட்டிக்குப் புதிய புத்தி வந்திருக்கிறது. இந்த வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்தச் சேனலை விரும்புகிறார்கள் என்பதை அது தானாகவே கற்றுக்கொள்கிறது. மாலை ஏழு மணிக்கு ரிமோட்டைத் தொட்டால் போதும்; நேற்றுப் பார்த்த தொடர் முன்னால் வந்து நிற்கிறது. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்குப் பழைய பாட்டுச் சேனல் முதல் வரிசையில் காத்திருக்கிறது. கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைக்கும் வேலைக்காரனைப் போலப் பணிவாக இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த வேலைக்காரன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான்? நாம் கேட்க விரும்புவது அதைத்தான்.

பஞ்சப்படிக்கும் போனசுக்கும் போராடுகிறவர்களின் பத்திரிகையில் ரிமோட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கலாம். டி.வி. பங்களாக்காரர்களின் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. 2006 இல் தமிழ்நாடு சர்க்கார் இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது, சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் குடிசைகளுக்கும் லைன் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெட்டிகளுக்குக் காது கிடையாது, ஞாபகம் கிடையாது. போட்டதைக் காட்டும், அவ்வளவுதான். அது பழுதாகி, கடைக்குப் போய்த் தவணையில் வேறொன்று எடுத்தால், இன்று கைக்கு வருவது பெரும்பாலும் இன்டர்நெட்டோடு பேசும் பெட்டி. விலையும் மலிவு. ஏன் மலிவு? அங்கேதான் சூட்சுமம்.

விளம்பரத்தின் வாயை அடைக்கப் பிறந்தது

ரிமோட்டின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி 1950 இல் முதல் ரிமோட்டை விற்றது. அதற்குப் பெயரே 'சோம்பேறி' என்று பொருள்படும் 'லேசி போன்ஸ்'. பெட்டியிலிருந்து நீண்ட ஒயர், அதன் முனையில் பொத்தான். நடப்பவர்கள் தடுக்கி விழுந்தார்கள். 1955 இல் யூஜின் போலி என்ற எஞ்சினியர் ஒயர் இல்லாமல், டார்ச் விளக்குப்போல ஒளி பாய்ச்சும் ரிமோட்டைச் செய்தார். வெயில் பெட்டிமேல் பட்டால் சேனல் தானே மாறியது! அடுத்த ஆண்டு ராபர்ட் அட்லர் காதுக்குக் கேட்காத ஒலியில் இயங்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தார்.

இதையெல்லாம் ஏன் செய்தார்கள்? ஜெனித் கம்பெனியின் தலைவருக்கு விளம்பரங்களைக் கண்டால் பிடிக்காது. நடுவில் வரும் வியாபாரக் கூச்சலை உட்கார்ந்த இடத்திலிருந்தே அடக்கலாம் என்று சொல்லியே அந்த ரிமோட்டுகள் விற்கப்பட்டன. விளம்பரத்தின் வாயை அடைக்கப் பிறந்த கருவி இன்று விளம்பரக்காரனுக்கு ஒற்றனாக வேலை பார்க்கிறது.

நடுவில் ஒரு கட்டம் உண்டு. 1999 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'டிவோ' என்ற பெட்டியின் ரிமோட்டில் கட்டைவிரல் மேல், கட்டைவிரல் கீழ் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. பிடித்தது, பிடிக்காதது என்று அமுக்க அமுக்க, அது நம் ருசியைக் கற்றுக்கொண்டு தானே நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும். தப்பாகப் புரிந்துகொண்டு வேண்டாததைப் பதிந்த பெட்டியோடு மக்கள் மல்லுக்கட்டிய கதைகள் 2002 இல் அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே வந்தன. அது சிரிப்புக்குரிய சங்கதி. சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். இன்னாருக்கு இன்னது பிடிக்கும் என்ற கணக்கை அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளேயே, தன் வயிற்றுக்குள்ளேயே போட்டது. அதாவது, கற்றுக்கொள்ளும் பெட்டி கற்றதை வெளியே கொண்டுபோய் விற்றே ஆகவேண்டும் என்று இயந்திர சாஸ்திரத்தில் எந்த விதியும் இல்லை.

ஒரு பெட்டிக்கு இருபது சென்ட்

விஜியோ என்பது அமெரிக்காவில் மலிவு விலை டி.வி. விற்றுப் பெரிதான கம்பெனி. 2014 பிப்ரவரியிலிருந்து அதன் பெட்டிகள் திரையில் ஓடும் படத்தின் சில புள்ளிகளை நொடிக்கு நொடி எடுத்துக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பின. கைரேகையை ஒப்பிடுவதுபோல, அங்கே வைத்திருக்கும் நிகழ்ச்சிகளோடு அந்தப் புள்ளிகளை ஒப்பிட்டு, இந்த வீட்டில் இப்போது இது ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கேபிளில் வருவதா, டிஸ்கில் போட்டதா, ஆன்டெனாவில் பிடித்ததா என்ற பேதமில்லை. முன்பே விற்றுப்போன பழைய பெட்டிகளுக்குள்ளும் இன்டர்நெட் வழியாக இந்த ஒற்றனை ஏற்றிவிட்டார்கள். நாளொன்றுக்கு 10,000 கோடி விவரத் துணுக்குகள் வரை குவிந்தன என்கிறது அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனின் புகார் மனு.

குவித்ததை என்ன செய்தார்கள்? விற்றார்கள். அத்தோடு வீட்டிலிருப்பவர் ஆணா பெண்ணா, வயது என்ன, வருமானம் என்ன, கல்யாணமானவரா, சொந்த வீடா, எவ்வளவு படித்தவர் என்ற விவரங்களையும் சேர்த்துக் கட்டுவதற்கு வழி செய்து கொடுத்தார்கள்.

கமிஷனும் நியூ ஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டன. 2017 பிப்ரவரியில் சமரசம் ஆயிற்று. பெட்டிகள் 1 கோடியே 10 லட்சம். கம்பெனி கட்டியது 22 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பெட்டிக்கு 20 சென்ட்! மூன்று ஆண்டு ஒரு குடும்பத்தின் கூடத்தில் ஒளிந்து உட்கார்ந்து பார்த்ததற்கு அமெரிக்கச் சட்டம் போட்ட விலை அதுதான்.

அதே நாட்டின் இன்னொரு கதையையும் பக்கத்தில் வைப்போம். 1987 இல் ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்க ஜனாதிபதி ரீகன் முன்மொழிந்தார். அவர் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோப் படங்களின் பட்டியலை ஒரு வாஷிங்டன் பத்திரிகை கடையிலிருந்து வாங்கி அச்சிட்டுவிட்டது. பட்டியலில் விபரீதமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரிய மனிதர்கள் பதறிப்போனார்கள். நம் பட்டியலும் இப்படி வெளிவந்தால்? அடுத்த ஆண்டே, 1988 இல், வீடியோ வாடகை ரகசியத்தைக் காக்கத் தனிச் சட்டம் பிறந்தது. ஒரு நீதிபதியின் பட்டியலுக்கு ஒரு சட்டம். கோடிக்கணக்கான சாதாரணக் குடும்பங்களின் பட்டியலுக்கு இருபது சென்ட்.

எது சரக்கு? யார் தொழிலாளி?

விஜியோவின் சொந்தக் கணக்கே மீதியைச் சொல்கிறது. 2021 இன் மூன்றாம் காலாண்டில் டி.வி. முதலிய கருவிகளை விற்றதில் அதற்குக் கிடைத்த மொத்த இலாபம் 2 கோடியே 56 லட்சம் டாலர். விளம்பரமும் பார்வை விவரமும் அடங்கிய பகுதியில் கிடைத்தது 5 கோடியே 73 லட்சம் டாலர். இரண்டு மடங்குக்கு மேல்! பெட்டியைச் செய்து விற்பதைவிட, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனை விற்பதில்தான் அதிக இலாபம். பெட்டி ஏன் மலிவு என்று கேட்டோமே, விடை இதுதான். மீன் பிடிக்கிறவன் தூண்டில் புழுவுக்கு மீனிடம் விலை கேட்பதில்லை.

கனடாவில் பிறந்த மார்க்சியப் பொருளாதார அறிஞர் டல்லஸ் ஸ்மைத் 1977 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதன் வேரைத் தொட்டார். ரேடியோவும் டெலிவிஷனும் விளம்பரக்காரனுக்கு விற்கும் சரக்கு நிகழ்ச்சி அல்ல, பார்க்கும் மக்கள்தான் என்றார் அவர். ஓய்வு என்று நாம் நினைக்கும் நேரமும் அவர்களுக்கு வேலை நேரமே என்றார். அவர் எழுதியபோது இது கொஞ்சம் மிகையாகத் தோன்றியிருக்கலாம். அன்று சில ஆயிரம் வீடுகளில் மாதிரிக் கணக்கெடுத்து மற்றதை ஊகித்தார்கள். இன்று ஊகம் தேவையில்லை. நீங்கள் எந்த இடத்தில் சலித்துச் சேனலை மாற்றினீர்கள் என்பது வரைக்கும் பேரேட்டில் ஏறுகிறது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. கையில் கடிகாரத்துடன் ஒருவர் வந்து, அறுந்த இழையை எத்தனை நொடியில் முடிகிறாய், எத்தனை முறை நிமிர்கிறாய் என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டு போவதை அறிவீர்கள். அப்புறம் என்ன நடக்கும்? தொழிலாளியின் கைப்பழக்கம் மானேஜரின் காகிதமாக மாறும். அந்தக் காகிதத்தைக் காட்டியே ஆளுக்கு இன்னும் ஒரு பக்கம் கூட்டுவார்கள். ரிமோட் செய்வதும் அதே வேலைதான். ஆனால் ஆலையில் அந்த மனிதரைக் கண்ணால் பார்க்கலாம், சங்கத்தில் புகார் சொல்லலாம். வீட்டுக் கூடத்தில் அவர் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்.

பார்வைக்குக் கூலி உண்டு என்பதை நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் காட்டியது. சேனல்களின் செல்வாக்கைக் கணக்கிட மீட்டர் வைத்த வீடுகளில், குறிப்பிட்ட சேனலைப் போட்டு வைக்கச் சொல்லி மாதம் சில நூறு ரூபாய் கொடுக்கப்பட்டதாக 2020 அக்டோபரில் மும்பைப் போலீஸ் குற்றம் சாட்டியது. பிறகு அந்த வழக்கு வாபஸ் ஆயிற்று. அதற்குள் நாம் போகவில்லை. ஏழை வீட்டுக்காரன் பார்ப்பதற்குக் காசு வாங்கினான் என்றால் அது மோசடியாம்! அவன் பார்ப்பதைக் காசில்லாமல் எடுத்துக் கோடிக்கு விற்றால் அதற்குப் பெயர் தொழில் முன்னேற்றம்!

2024 இல் அந்த விஜியோவைச் சுமார் 230 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார்? சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் வால்மார்ட். நம் ஊரில் டி.வி. விற்கும் பிளிப்கார்ட்டில் 2018 முதல் பெரும்பங்கு வைத்திருப்பதும் அதே வால்மார்ட்தான். எந்த வீட்டில் எந்த விளம்பரம் ஓடியது, அந்த வீட்டுக்காரர் கடையில் என்ன வாங்கினார் என்ற இரண்டு கணக்கும் இனி ஒரே எஜமானின் மேஜையில்.

வெற்றுத்தாளில் கைநாட்டு

"மறைப்பதற்கு உனக்கு என்ன இருக்கிறது? பிடித்ததைத்தானே காட்டுகிறது?" என்கிறார்கள் கனவான்கள். மறைக்க எங்களிடம் பணமூட்டை இல்லை, உண்மைதான். ஆனால் வேலைநிறுத்தச் செய்தியை விடாமல் பார்க்கும் வீடு எது என்று ஆலை முதலாளிக்குத் தெரிய வேண்டுமா? எந்த வீட்டில் இரவெல்லாம் தூக்கமில்லாமல் டி.வி. ஓடுகிறது என்று கடன் கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டுமா? இன்று அவர்கள் அப்படி வாங்குகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. விற்பனைக்கு வந்த சரக்கை யார் வாங்குவார் என்று வாங்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது என்றுதான் சொல்கிறோம். பிடித்ததைக் காட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: நேற்றுப் பார்த்ததையே இன்றும் நீட்டும் பெட்டி, நேற்று நம் கண்ணில் படாததை நாளையும் காட்டாது.

"நீங்கள் சம்மதித்தீர்களே" என்பது அவர்களின் அடுத்த வாதம். எப்போது சம்மதித்தோம்? பெட்டியை முதலில் போட்டபோது, பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கிலத்துக்குக் கீழே ஒரு பொத்தான் மின்னியது. அதை அமுக்காவிட்டால் படம் வராதோ என்று அமுக்கினோம். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சம்மதத்தின் யோக்கியதை நன்றாகத் தெரியும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 இல் நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023 இல் பார்லிமெண்ட் தனிமனித விவரங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2025 டிசம்பரில் சாம்சங், சோனி, எல்.ஜி., ஹைசென்ஸ், டி.சி.எல். ஆகிய ஐந்து கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. அரை நொடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்த ஐந்து பெயர்களும் நம் கடைத்தெருவில் தொங்கும் பெயர்களே.

நாம் இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. கண் மங்கிய பாட்டி ஒரே பொத்தானில் தன் சேனலைப் பெறுவது நல்ல காரியம். பெட்டி கற்கட்டும், கற்றது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வேவு பார்க்கும் வசதி கடையிலிருந்து வரும்போதே அணைந்திருக்க வேண்டும். யாருக்காவது அது வேண்டுமென்றால், தமிழில் எழுதியதைப் படித்துப் பார்த்து, அவரே போட்டுக்கொள்ளட்டும். இந்தக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் எழுப்ப வேண்டும்.

அதுவரை கைவசம் இருப்பதைச் செய்வோம். அமைப்புப் பட்டியலில் சாம்சங் பெட்டியில் 'வியூயிங் இன்பர்மேஷன் சர்வீசஸ்' என்றும், எல்.ஜி.யில் 'லைவ் பிளஸ்' என்றும் ஒளிந்திருப்பது இந்த ஒற்றன்தான். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். கேபிள் மட்டும் பார்க்கிறவர்கள் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்காமல் விட்டாலே போதும். ஆங்கில மெனு தெரிந்த இளைஞர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்தால், ஒரு லைன் வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே காலையில் இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். முதலில் சங்க அலுவலகத்து டி.வி.யில் தொடங்கட்டும்.