அப்பாவின் இருநிறச் சப்பாத்து



சென்ற மாதம் பழைய கூறைச்சேலைகளை மடித்து வைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர், "சேலை சரி அக்கா, எங்கட ஐயாவின்ர சப்பாத்து ஒரு சோடி கிடக்குது, அதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் என் வீட்டு றங்குப்பெட்டியில் கிடப்பதும் அதுதானே என்று நினைத்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா உரப்பைக்குள் அப்பாவின் சப்பாத்தையும் போட்டுக்கொண்டார். நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில் அதைக் கண்டு, "அரிசி கொண்டுவர இடமில்லை, அப்பாதான் இல்லையே, இது ஆருக்கு அம்மா?" என்று ஏசினேன். அம்மா வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் கலியாணப் படமும் இல்லை, அல்பமும் இல்லை. அப்பாவினது என்று இன்று மிஞ்சியிருப்பது அந்தச் சோடி ஒன்றுதான்.

வெள்ளைத் தோலில், விரல் பக்கமும் குதிப் பக்கமும் மண்ணிறத் தோல் வைத்துத் தைத்தது. இந்த இருநிற வேலை ஆங்கிலேயரிடம் இருந்து வந்தது. லண்டன் ஜோன் லொப் கடைக்காரர் 1868இல் கிரிக்கெட் சப்பாத்தாக இதை முதலில் செய்ததாகச் சொல்வார்கள். வெள்ளைத் தோல் அழுக்குப்படும் இடங்களில் கடும் நிறம் போட்டால் அழுக்குத் தெரியாது என்பதுதான் உபாயம். 1957இல் பாரிசில் சனெல் அம்மையார் பெண்களுக்குச் செய்வித்த செருப்பும் அதே கணக்குத்தான்: உடல் இளமஞ்சள், நுனி கறுப்பு. எங்கள் பகுதியில் பழைய ஸ்ரூடியோப் படங்களில் கோட்டும் சப்பாத்துமாக நிற்கும் மலாயா பென்சன்காரரைக் கவனித்துப் பாருங்கள். படத்தில் கறுப்பாகத் தெரிவது உண்மையில் மண்ணிறமாகவும் இருக்கலாம்.

சப்பாத்தின் வயதை எப்படி அறிவது? கவிழ்த்துப் பாருங்கள். அடியிலும், குதியிலும், உள்தோலிலும் முத்திரை இருக்கும். "மேட் இன் சிலோன்" என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது, அப்போதுதான் நாட்டின் பெயர் மாறியது. இந்தியச் சப்பாத்தில் விலை அணாக் கணக்கில் எழுதியிருந்தால் 1957க்கு முந்தியது. அடி முழுத் தோலா, ஒட்டிய றப்பரா, குதி தோல் தட்டுகளை அடுக்கி ஆணி அடித்ததா என்பதையும் பார்க்கவேண்டும். ஆனால் ஒன்றில் ஏமாறக்கூடாது. குதி தேய்ந்தால் அந்நாளில் புதுக்குதி போடுவித்து மீண்டும் அணிவார்கள். ஆகவே குதியில் இருக்கும் முத்திரை சப்பாத்தின் வயதைச் சொல்லாது, திருத்திய காலத்தைத்தான் சொல்லும். அப்பாவின் சோடியில் குதி றப்பரில் "சிலோன்" என்று இருக்கிறது. அப்படியானால் சப்பாத்து அதற்கும் மூத்தது. 1961இல் கலியாணத்துக்குக் கொழும்பில் வாங்கியது என்று அம்மா சொல்லிவந்ததை நான் முழுதாக நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன்.

இனிப் பேணும் விதம். எமது ஊரில் முதல் எதிரி மாரிகாலத்துப் பூஞ்சணம். பிடித்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். மூக்கை மூடிக்கொண்டு வெளியே கொண்டுபோய் மெல்லிய பிறஷால் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். போகாவிட்டால் ஸ்பிறிற்றும் தண்ணீரும் சம அளவில் கலந்து துணியில் தொட்டுத் துடைக்கலாம். முதலில் உட்பக்கத்தில் ஓரிடத்தில் தொட்டு, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே செய்யவேண்டும்.

தேங்காய் எண்ணெய் பூசவே வேண்டாம். வெள்ளைத் தோல் கறுத்துப்போகும், எறும்பும் வரும். நான் அனுபவித்தவள், வலது சப்பாத்தில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது. இருநிறச் சப்பாத்துக்கு மண்ணிறப் பொலிஷ் போட்டால் அது வெள்ளைக்குள் ஊறிவிடும். நிறமில்லாத கிறீமைக் கொஞ்சமாக, வெவ்வேறு துணியால் பூசுங்கள். வெள்ளைப்பகுதி மினுக்கமில்லாத மெத்தென்ற தோல் என்றால் கிறீமும் வேண்டாம். வெண்கட்டித் தூளைத் தடவித் தட்டிவிட்டால் போதும். உள்ளே பழைய பருத்தித் துணியை அடையுங்கள். பத்திரிகைத்தாளின் மை உள்தோலில் ஒட்டும். பொலித்தீன் பைக்குள் கட்டினால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. துணியில் சுற்றி, பெட்டியைச் செங்கல்லின்மேல் வைத்தால் கறையானும் இலகுவில் எட்டாது. காயவைத்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், தோலில் முட்டவிடாமல்.

கனடாவில் ரொறன்ரோ நகரில் சப்பாத்துகளுக்கென்றே ஒரு நூதனசாலை உண்டு. பாட்டா கம்பனிக் குடும்பத்துச் சொன்யா பாட்டா என்ற அம்மையார் சேர்த்தவை அவை. நாங்கள் நாவற்குழியில் நின்ற அதே 1995இல்தான் அந்தக் கட்டிடம் திறக்கப்பட்டது. எங்களுக்கோ பாட்டா என்றால் றப்பர்ச் செருப்புத்தான்!

அந்தப் பாட்டாச் செருப்புப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டி எடுத்த பொருட்களை, நீதிமன்ற உத்தரவின்படி, யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று பொதுமக்களுக்குக் காட்டினார்கள். உடுப்பும் செருப்பும் பிள்ளையின் பையும் அவற்றில் இருந்தன. பிள்ளை என்ன செருப்புப் போட்டுக்கொண்டு போனான் என்று எங்களில் எத்தனை பேரால் உறுதியாகச் சொல்ல முடியும்? காணாமற்போனவரின் சோடி ஏதும் உங்கள் வீட்டில் இருந்தால், மேலே சொன்ன எதையும் அதற்குச் செய்யாதீர்கள். கழுவவும் பொலிஷ் போடவும் வேண்டாம். காற்றுப்படும் துணியில் சுற்றி அப்படியே வையுங்கள். ஒரு கொப்பியில் இலக்கம், நிறம், முத்திரை, எந்தப்பக்கம் தேய்ந்தது, எங்கே தைத்தது என்று எழுதுங்கள். அவர் போட்டுக்கொண்டு போன சோடி பற்றி நினைவிருப்பதையும் அதிலேயே, இன்றைக்கே எழுதுங்கள்.

என் கொப்பியில் முதற் பக்கத்தில் எழுதியது இது: அப்பா. வெள்ளை, மண்ணிறம். இலக்கம் 8. இடது குதி வெளிப்பக்கம் தேய்வு. வலது லேஸ் பிறகு மாற்றியது. எண்ணெய்க் கறை நான் செய்தது.