டூரை கேன்சல் பண்றதுக்கு முன்னாடி மேப்பைப் பாருங்க

கிளாஸ் டூர் பேச்சு வரும்போது "வயநாடு போலாமா?"ன்னு கேட்டுப் பாருங்க. "டேய், அங்க நிலச்சரிவு வந்துச்சேடா!" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். உடனே பேச்சு மூணாறுக்குத் தாவிவிடும்.

2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகள் மண்ணில் புதைந்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த இழப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அளவையும் பார்க்கணும் இல்லையா? இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களின்படி சரிந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர். சேறும் பாறையும் ஆற்றோடு 8 கி.மீ. தூரம் ஓடின. வயநாடு மாவட்டத்தின் பரப்போ 2,100 சதுர கி.மீ.க்கும் மேல். எடக்கல் குகை, முத்தங்கா, திருநெல்லி எல்லாம் வேறு தாலுகாக்களில் இருக்கின்றன. ஆனாலும் மாவட்டம் முழுக்க அறை முன்பதிவுகள் ரத்தாகின.

காரணம், பெயர். நாம் அதை "வயநாடு நிலச்சரிவு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2020இல் மூணாறு பக்கத்தில் பெட்டிமுடியிலும் மலை சரிந்தது. இறந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அது பெரும்பாலும் பெட்டிமுடி என்ற பெயரிலேயே மனதில் நின்றுவிட்டது. மூணாறுக்கு இப்பவும் யோசிக்காம கிளம்புறோம்.

சூரல்மலையில் ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் 190 அடி பெய்லி பாலத்தை இரண்டே நாளில் கட்டி முடித்தது. போன நம்பிக்கையை அப்படி ரெடிமேட் பாகங்களை வைத்துப் பூட்ட முடியாது. ஒவ்வொரு பயணியாகத் திரும்பி வந்தால்தான் ஜீப் ஓட்டும் அண்ணனுக்கும் ஹோம்ஸ்டே நடத்தும் அக்காவுக்கும் வருமானம் திரும்பும். நிவாரண நிதி ஒரு தடவை வரும். வாடிக்கை தினமும் சோறு போடும்.

அதுக்காக ரெட் அலர்ட்ல கிளம்பச் சொல்லல. மழை எச்சரிக்கை இருந்தா தள்ளி வைங்க, கேன்சல் பண்ணாதீங்க. இடிந்த வீடுகள் முன்னாடி செல்ஃபி எடுக்கப் போகாதீங்க. மலைச்சரிவை வெட்டிக் கட்டின ரிசார்ட்டைத் தவிருங்க; மேற்குத் தொடர்ச்சி மலை எவ்வளவு நொய்மையானதுன்னு 2011லேயே காட்கில் குழு எச்சரித்திருக்கிறது. நம்ம காசு அடுத்த சரிவுக்கு வழி பண்ணக் கூடாது.

அடுத்த தடவை குரூப்ல அந்தக் குரல் வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வயநாட்டுல எங்க?"