எலும்பைத் தொட்டால் கால் போய்விடுமா?

திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றுகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனையோ பேர். கல் குத்தியிருக்கும், தார்ச் சூட்டில் கொப்புளம் கிளம்பியிருக்கும். நரம்பு மரத்த காலுக்கு அது தெரியாது. நாலைந்து நாள் கழித்து, பாயில் ஈரம் பார்த்துத்தான் புண் இருப்பதே தெரியவரும். அப்போதும் மருத்துவரிடம் போகமாட்டார்கள். "எலும்புக்கு இறங்கிடுச்சுன்னு சொல்லிக் காலை எடுத்துடுவாங்க" என்று வீட்டில் யாராவது தடுத்துவிடுவார்கள். மஞ்சள் பற்று, பச்சிலை, தெரிந்தவர் கொடுத்த களிம்பு என்று மாதம் ஓடிவிடும்.

எலும்பில் கிருமி தொற்றினால் கால் போயே தீரும் என்ற இந்த நம்பிக்கை அப்பட்டமான பொய். ஸ்பெயினில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ரத்த ஓட்டம் கெடாத, முன்பாத எலும்பில் தொற்று கண்ட 52 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 90 நாள் வரை ஆன்டிபயாட்டிக் மட்டும். மற்றதற்கு, கெட்ட எலும்பை மட்டும் நீக்கும் சிறு அறுவை. புண் ஆறியதில் பெரிய வேறுபாடு இல்லை. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், எலும்பை நீக்காமல் மருந்தாலேயே சிகிச்சை தரும்போது ஆறு வாரம் போதும் என்கிறது. ஆனால் மருந்தோடு சர்க்கரையும் கட்டுக்குள் வரவேண்டும். புண்ணின் மேல் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

கால் அழுகிய பிறகும், விஷம் ரத்தத்தில் ஏறிய பிறகும், ரத்தக் குழாய் அடைத்துப்போன பிறகும் நிலைமை வேறு. அப்போது உயிரைக் காக்கக் காலை எடுக்க நேரிடலாம். பயந்து வீட்டில் கிடந்த வாரங்கள்தான் பலரை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. பழி மட்டும் மருத்துவர் தலையில் விழுகிறது.

"எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை" என்று திரும்பி வருவதும் ஆபத்து. எலும்புத் தொற்று எக்ஸ்ரேயில் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டு, எலும்பு தட்டுகிறதா என்று மருத்துவர் பார்ப்பது எளிய சோதனை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

"வலிக்கவே இல்லையே" என்பார்கள். வலி தெரியாததுதான் நோய். பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் கண்டார்: உணர்ச்சி போன கால், நடந்து நடந்தே தன்னை அழித்துக்கொள்கிறது. அதற்காக அங்கே மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு உருவானது. இன்று சர்க்கரை நோயாளிகளும் அதை அணிகிறார்கள்.

அண்ணாமலையாரைச் சுற்றுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. மரத்த பாதத்தை வெறுங்காலாக நடக்கவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். காலில் புண் இருந்தால் இந்தப் பௌர்ணமிக்கு நடக்காதீர்கள். துணி சுற்றி மறைக்காமல், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாளைக் காலையிலேயே போய்க் காட்டுங்கள்.