வாழ்வின் தரமும் வினாக்கொத்தும்: ஒரு மறுப்பு

ஒருவரது வாழ்வின் தரத்தை அறிய வேண்டுமாயின் அவ்வாழ்வை வாழ்பவரையே வினவுதல் வேண்டும் என்னும் கொள்கை, இன்று மருத்துவத்திலும் சமூக விஞ்ஞானங்களிலும் ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்டுள்ளது. உலக சுகாதார தாபனம் 1991இல் தொடங்கிய திட்டத்தின் பயனாகப் பதினைந்து மையங்களில் ஒரே காலத்தில் ஆக்கப்பட்ட வினாக்கொத்து, இக்கொள்கையின் தலையாய கருவியாகும். புதுதில்லி அம்மையங்களுள் ஒன்று, சென்னை மற்றொன்று. புதுதில்லியில் உருவான இந்தி வடிவம் பற்றிய கட்டுரை 1998இல் வெளிவந்தது. நூறு வினாக்கள் கொண்ட வடிவமும், இருபத்தாறாகச் சுருக்கப்பட்ட வடிவமும் உள. விடையளிப்பவர் கடந்த இரு வாரங்களை நினைவுகூர்ந்து, ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து படிகளுள் ஒன்றைத் தெரிவார். அவ்விடைகள் இறுதியில் பூச்சியத்திலிருந்து நூறு வரையான எண்ணாக மாற்றப்படும்.

இதனை மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு எனக் கூறித் தட்டிக்கழித்தல் எளிது, அது நேர்மையாகாது. ஆங்கில வினாக்களை வெறுமனே மொழிபெயர்க்காது, அவ்வம் மையத்து நோயாளருடனும் பொதுமக்களுடனும் கலந்துரையாடியே வினாக்கள் ஆக்கப்பட்டன. குருதியழுத்தத்தையும் எக்ஸ்கதிர்ப் படத்தையும் மட்டுமே நம்பியிருந்த வைத்தியருக்கு, நோயாளிக்கும் ஒரு வாய் உண்டென நினைவூட்டியது இம்முயற்சியே. எனவே வினவுதல் ஈண்டுக் குற்றமன்று. வினவியபின் கிடைக்கும் விடை எதனை அளக்கின்றது என்பதே கேள்வி.

சுருக்க வடிவத்தின் இருபத்தாறு வினாக்களுள் பதினொன்று, "எவ்வளவு திருப்தி?" என்ற ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. உடல்நலம், உறக்கம், அன்றாட வேலை, உறவுகள், பாலுறவு, வசிக்கும் இடம், மருத்துவ வசதி, போக்குவரத்து யாவும் திருப்தி என்னும் கோலாலேயே அளக்கப்படுகின்றன. திருப்திக்கு இந்தியில் வழங்கும் சொல் 'சந்தோஷ்'. தமிழில் சந்தோஷம் என்றால் மகிழ்ச்சி; இந்தியிலோ அது உள்ளதைக் கொண்டு அமைதல், போதுமென்னும் மனநிலை. அது வெறும் உணர்ச்சியன்று, ஓர் அறம். வட இந்தியாவில் அவ்வறத்துக்குத் தெய்வ வடிவமே உண்டு. 1975இல் வெளிவந்த 'ஜெய் சந்தோஷி மா' என்ற திரைப்படத்தின் பின்னர் எண்ணற்ற பெண்கள் அத்தெய்வத்தை நோக்கிப் பதினாறு வெள்ளிக்கிழமைகள் புளிப்புணவை விலக்கி நோன்பிருக்கத் தலைப்பட்டனர். அத்தகைய பெண்ணொருத்தியிடம் "நீர் எவ்வளவு அதிருப்தியுற்றிருக்கிறீர்?" என வினவுவது, "உமது ஒழுக்கத்தில் எவ்வளவு குறைவுண்டு?" என வினவுவதற்கு ஒப்பாகாதா? அவள் உயர்ந்த படியைத் தெரிவாளாயின் அளக்கப்பட்டது அவளது வாழ்வன்று, அவளது பொறுமையே. குடிநீருக்கு அவள் நடக்கும் தொலைவு அந்த எண்ணில் எங்கே?

மொழியின் சிக்கல் இத்துடன் தீரவில்லை. நலம் விசாரித்தால் இந்தி பேசுவோர் வாயில் முதலில் வருவது 'டீக் ஹை' என்பது. நன்றாக உள்ளது என்று பொருள். அதனிடையே 'ஹீ' என்னும் ஓரசையைச் செருகி 'டீக் ஹீ ஹை' என்றால், நன்றென்றுதான் சொல்ல வேண்டும், வேறென்ன சொல்ல என்னும் பெருமூச்சு அதனுள் வந்துவிடுகிறது. 'சல் ரஹா ஹை' என்பார் இன்னொருவர். 'ஏதோ போகிறது' எனத் தமிழர் கூறுவதற்கு நிகரானது. ஐந்து படிகளுள் இப்பெருமூச்சு எந்தப் படியில் அமரும்?

மேலும், யாருடைய இந்தி? 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 52.8 கோடியினர் என்கிறது. அத்தொகைக்குள் ஐந்து கோடிக்கு மேற்பட்ட போஜ்புரியினரும், இராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி முதலியன பேசுவோரும் அடங்குவர். இந்தியைத் தம் மொழியெனப் பெயர் சொல்லிக் குறித்தவர் 32 கோடியினரே. ஏனையோருக்கு அச்சிட்ட இந்தி பள்ளியின் மொழி, அலுவலகத்தின் மொழி. அதே மதிப்பின்படி பீகாரில் எழுத்தறிவுடைய பெண்கள் 51.5 சதவீதத்தினர். எஞ்சிய பாதியினருக்கு வினாக்களைப் பிறரொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். பாலுறவில் திருப்தியா எனப் பிறர் காதுபட ஓர் அந்நியர் வாசிக்க, மருமகளொருத்தி அளிக்கும் விடையைச் 'சுய அறிக்கை' என அழைப்பது சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.

துன்பத்தைத் துன்புறுபவரன்றிப் பிறர் அறியார் என்பர் இக்கருவியை ஆதரிப்போர். வலியைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஆயின் அமர்த்திய சென் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கெடுப்பை அவர்கள் எதிர்கொண்டாக வேண்டும். வங்கப் பெரும்பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டாகிய 1944இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் மனைவியை இழந்த ஆண்களுள் 48.5 சதவீதத்தினர் தாம் நோயுற்றோ நலங்குன்றியோ இருப்பதாகக் கூறினர். கைம்பெண்களுள் அவ்வாறு கூறியோர் 2.5 சதவீதத்தினர் மட்டுமே. பஞ்சம் கைம்பெண்களுக்கு மட்டும் நலம் வழங்கிச் சென்றதென எவரும் நம்பார். தம் நலம் பற்றிப் பேசத் தமக்கு உரிமையுண்டு என்ற எண்ணமே அவர்களிடம் இல்லாதிருந்தது. ஆயுள் நீண்ட கேரளத்தில் நோயென முறையிடுவோர் மிகுதி என்பதையும், ஆயுள் குறுகிய பீகாரில் முறையிடுவோர் குறைவு என்பதையும் 2002இல் அவரே சுட்டினார். கல்வியும் வைத்தியசாலையும் கிட்டியவனே குறைசொல்லக் கற்கிறான்.

இது வெறும் ஏட்டுத் தர்க்கமன்று. 2016இல் இந்தி வழங்கும் மத்தியப் பிரதேசத்தில் மக்களின் மகிழ்ச்சிக்கெனவே 'ஆனந்தத்' திணைக்களம் ஒன்று அமைக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குச் சுட்டெண் வகுப்பதும் அதன் நோக்கமாயிற்று. மக்களின் பொறுமையைத் தன் சாதனையாகக் கணக்கெழுத அரசுக்கு இதைவிட வாய்ப்பான ஏடு எது? ஒரே நோயாளியைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வினவி ஒப்பிடுவதற்கு இவ்வினாக்கொத்து உதவலாம், உதவட்டும். ஒரு சாதியை இன்னொரு சாதியோடும், பாட்னாவைத் தில்லியோடும் ஒப்பிட்டு, எவர்க்கு உதவி வேண்டும், எவர்க்கு வேண்டாம் எனத் தீர்ப்பதற்கு இந்த எண்ணைக் கொணர்வோர், அதனருகே கூலியையும் கிணற்றையும் குழந்தை இறப்பையும் எழுதிக்காட்டக் கடமைப்பட்டவர்.

இனி, அப்பெண் விடையே அளியாது ஒரு வினாவைக் கடந்து செல்கிறாள் எனக் கொள்வோம். மாமியார் அருகிலிருந்திருக்கலாம், அழுகை வந்திருக்கலாம். அதற்கும் இக்கருவியின் கைந்நூலில் விதியுண்டு. அதே பகுதியில் அவள் அளித்த ஏனைய விடைகளின் சராசரி, அவள் மௌனமாயிருந்த இடத்தில் இட்டு நிரப்பப்படும்.