மழலையர் கையில் படப்புத்தகம்

பி.எஸ்ஸி. (விலங்கியல்) இரண்டாமாண்டு மாணவி

“ஏ ஃபார் ஆப்பிள்” என்று தொடங்கித்தான் நாமெல்லாம் ஆங்கிலம் கற்றோம். கனகம்மாசத்திரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆப்பிளையாவது காய்ச்சல் வந்தபோது கண்டிருப்பார்கள். “ஐ ஃபார் இக்ளூ” என்றால்? பனிக்கட்டியால் கட்டிய வீட்டைத் திருத்தணி வெயிலில் நின்று எப்படி எண்ணிப் பார்ப்பது? ஆயினும் ஒப்பித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், ஆங்கில வினா ஒன்றுக்கு விடை தெரிந்தும் வாய் திறக்க இயலாமல் நின்றபோதுதான் ஒப்பித்ததற்கும் கற்றதற்கும் உள்ள தூரம் எனக்குப் புலனாயிற்று.

எங்கள் பகுதியின் நிலை இன்னும் சிக்கலானது. ஆந்திரத்தோடு இருந்த திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறினாலும் பல வீடுகளில் அடுப்படிப் பேச்சு இன்றும் தெலுங்குதான். எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. “வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்” என்று அறிவுரை கூறுவோர் உளர். பள்ளிப்படியே மிதிக்காத என் தாயிடம் அதைக் கூறிப் பார்க்கட்டும்!

சென்ற கோடை விடுமுறையில், தமிழும் ஆங்கிலமும் அருகருகே அச்சிட்ட படப்புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். மூன்று வயதான அக்காள் மகள் கோழிப் படத்தைக் கண்டதும் தெலுங்கில் “கோடி” என்றாள். “கோழி” என்றேன், சிரித்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே! பிறகு “ஹென்” என்றேன். அதையும் சொன்னாள். தெரிந்த கோழிக்கு மூன்றாவது பெயர், அவ்வளவே.

எட்ட இருந்து பார்த்த அம்மா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். எழுத்தறியாதவள் படங்களைக் கொண்டே தெலுங்கில் ஒரு கதை சொல்லிவிட்டாள். கூடைக்குப் பின்னால் பதுங்கியிருந்த பூனையைப் “பில்லி, பில்லி!” என்று முதலில் கண்டவளும் அவளே. இரு மொழியும் படித்த நான் அதைக் கவனிக்கவேயில்லை. என் பதினான்கு ஆண்டுப் படிப்பில் அம்மா பிரித்துப் பார்த்த முதல் புத்தகம் அதுதான்.

மூன்று மொழியும் குழம்பிவிடாதா என்று கேட்கலாம். முதலில் “ஹென் கோடி” என்றுதான் அவளும் சொன்னாள். ஒரே வாரத்தில் அம்மம்மாவிடம் கோடி, என்னிடம் ஹென் என்று தானே பிரித்துக்கொண்டாள்.

இது புதிய எண்ணமும் அன்று. 1658-இல் கொமேனியஸ் என்னும் கல்வியாளர் நூரம்பர்க் நகரில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ படநூலில் இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே இருந்தன. எழுத்துப் பாடத்தை அவர் தொடங்கியது ஆப்பிளில் அன்று, காக்கையின் குரலில்! காக்கை இல்லாத ஊர் உண்டோ? அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் சேர்ந்த இருமொழிப் படநூல்கள் உண்டு. நம் சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்தோடு தமிழையோ தெலுங்கையோ சேர்த்து வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதையைப் பல மொழிகளில் இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். எங்கள் தெரு வரைதான் அவை வந்து சேரவில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் முள் வெட்டுகிறோம், கோயில் வளாகம் பெருக்குகிறோம். இம்முறை இருபது படப்புத்தகங்களையும் எடுத்துச் செல்வோம் என்பது என் வேண்டுகோள். மாலையில் பிள்ளைகளோடு தாய்மாரையும் பாட்டிமாரையும் அமர்த்தி, முதலில் அவர்களைச் சொல்லவிடுவோம். ஆங்கிலச் சொல்லைப் பிறகு நாம் சேர்த்தால் போதும். அவர்களுடைய தெலுங்கை யாரும் திருத்த வேண்டாம்.

இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “அந்தப் பில்லி புத்தகம் மறுபடி எப்போது வரும்?” என்று கேட்டுக்கொண்டிருப்பது குழந்தை அன்று, அம்மா.