கடையில் திருட்டுப் புகார்... முதல் கேஸுக்கே வக்கீல் தேவையா?

சூப்பர் மார்க்கெட்டில் 800 ரூபாய் க்ரீம் ஒன்று பில் போடாமல் பைக்குள் போய்விட்டது. வாசலில் செக்யூரிட்டி பிடித்துவிட்டார். ‘முதல் தடவைதானே, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்... இதுக்குப் போய் வக்கீலா?’ என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும்.

பொருளின் விலையையும் வக்கீல் ஃபீஸையும் மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால், கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான். வேலைக்கான பின்னணிச் சோதனையில் ‘உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா, தண்டனை பெற்றிருக்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று எழுத முடியாது. வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் வாங்குவதும் சிக்கலாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி-க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்) நடைமுறையில் இருக்கிறது. அதன் 303(2) பிரிவின்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதில் ஒரு புதிய சலுகை உண்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் முறை தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. இத்தகைய வழக்கு ஜாமீனில் வரக்கூடியது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவோ, வாரன்ட் இல்லாமல் கைது செய்யவோ முடியாது.

அப்போ பயமே வேண்டாமா?

இங்கேதான் கவனம் தேவை. அதே சட்டத்தின் 305-வது பிரிவு, குடியிருக்கும் கட்டடத்திலோ பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. கடையும் இதில் அடங்கும் என்று போலீஸ் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி வழக்கு பதிந்தால் அது ஜாமீனில் வர முடியாத பிரிவாகிவிடும். 5,000 ரூபாய் சலுகையும் அதில் இல்லை.

இன்னொரு பெரிய வித்தியாசம், சமரசம். 303(2) வழக்கில் பொருளுக்கு உரிமையுள்ள கடைத் தரப்பு சமாதானமாகப் போகலாம். அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். 305-ல் இந்த வழி கிடையாது. ஒரே 800 ரூபாய் க்ரீம், எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். ‘இந்த வழக்குக்கு 303(2)-தான் பொருந்தும்’ என்று வாதாடுவது வக்கீல் வேலை.

அதற்காக 7 ஆண்டு என்றதும் பதற வேண்டியதில்லை. 20,000 ரூபாய்க்கு மிகாத திருட்டு வழக்குகள் பொதுவாகச் சுருக்க விசாரணையில் நடக்கும். அந்த முறையில் 3 மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. முதல் முறை குற்றவாளியைக் கண்டித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், இதையெல்லாம் கேட்டு வாங்க கோர்ட்டில் ஒருவர் பேச வேண்டும்.

கடையிலேயே முடித்துக்கொள்ளலாமா?

பொருளுக்கு உரிய பணத்தை வாங்கிக்கொண்டு, புகார் கொடுக்காமல் கடைக்காரர் விட்டுவிட்டால் வக்கீல் தேவைப்படாது. ஆனால், ‘10 மடங்கு கட்டு, இல்லேன்னா போலீஸ்’ என்று மிரட்டிப் பணம் வாங்கக் கடைக்கு எந்த அதிகாரமும் இல்லை. அறையில் பூட்டி வைப்பதும் குற்றம்.

ரொம்ப முக்கியமானது மன்னிப்புக் கடிதம். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை கோர்ட்டில் குற்றத்துக்குச் சாட்சியமாக்க முடியாது. கடை மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பது அப்படியல்ல, அது பின்னால் ஆதாரமாக வரலாம். ‘சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்’ என்று சொன்னாலும் கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டும்.

எப்போது கட்டாயம் வக்கீல் வேண்டும்?

• எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால், அல்லது விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால்.

• 305 பிரிவு சேர்க்கப்பட்டிருந்தால், அல்லது மதிப்பு 5,000 ரூபாயைத் தொட்டால். கடை சொல்லும் விலை சரியா என்பதையும் பார்க்க வேண்டும்.

• அரசு வேலை, வெளிநாட்டு விசா, பாஸ்போர்ட் என எதுவும் வரிசையில் இருந்தால்.

• உண்மையிலேயே தவறுதலாக நடந்திருந்தால். நேர்மையற்ற நோக்கம் இல்லாமல் திருட்டுக் குற்றம் இல்லை. ‘செல்ஃப் பில்லிங்’கில் ஒரு பொருள் ஸ்கேன் ஆகாமல் போனதும் ஒளித்து எடுத்துப் போனதும் ஒன்றல்ல. சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஃபீஸ் கட்ட வசதி இல்லையா?

பெண்கள், 18 வயதுக்கு உட்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். கைதானவர் விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் மொத்த வழக்குக்கும் சேர்த்து ஃபீஸா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனித்தனியா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

முழு வழக்கையும் நடத்த வக்கீல் வைப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் கோர்ட்டில் ‘ஒத்துக்கிறேன்’ என்று சொல்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரமாவது பேசிவிட வேண்டும். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுவது லேசான காரியம் இல்லை.